சந்தனம் வைத்த பிளாப்பி

என் மகளைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகப்போகிறது என்று கேட்டபோது நான் பருத்திக் காட்டில் நின்றிருந்தேன். கையில் ஒரு ஆண் பூ இருந்தது. அந்தப் பூவை என்ன செய்தேன் என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மற்றதெல்லாம் நினைவில் இருக்கிறது. மெதுவாகச் சொல்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். வேகமாக எழுதினால் எனக்கே திரும்பப் படிக்க வராது.

எண்பதுகளின் கடைசி அது. மொரப்பூர்ப் பக்கம் ஒரு விதைக் கம்பெனி இருந்தது. எங்கள் காடுகளில் பருத்தி போடச் சொல்லி, பூவுக்குப் பூ கையால் சேர்க்கச் சொல்லி, அதில் விளையும் வீரிய விதையை எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் பெண் செடியின் மொட்டை நகத்தால் கீறி, உள்ளே இருக்கும் ஆண் தூளை மட்டும் எடுத்துவிட்டு, சிவப்புக் காகிதப் பை ஒன்றை மாட்டிவிட வேண்டும். மறுநாள் காலையில் பையைக் கழற்றி, ஆண் செடியின் பூவைக் கொண்டுவந்து தொட வேண்டும். நகம் கொஞ்சம் ஆழமாகப் பட்டால் மொட்டு செத்துவிடும். என் கையில் மொட்டு சாகாது. கம்பெனிக்காரர்களே மற்றப் பெண்களை என் காட்டுக்குக் கூட்டிவந்து காட்டுவார்கள்.

அந்த ஆண் செடிக்கும் பெண் செடிக்கும் எங்களுக்குத் தெரிந்தது நம்பர் மட்டும்தான். அது எந்த ஜாதி, எந்த ஜாதியோடு எது சேர்ந்தால் இந்த விதை வரும் என்பதெல்லாம் கம்பெனி ரகசியம். அது கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து மூடுகிறவள் என் மகள். சேலத்தில் தங்கிப் படித்துவிட்டு வந்தவள். எங்கள் ஊரில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள், ஆணிலும் சரி பெண்ணிலும் சரி, அவள்தான். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

மேனேஜருக்கு வேறு கம்பெனிக்காரர்கள் மேல் எப்போதும் சந்தேகம். அதனால் சேலத்திலிருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்து அந்த மிஷினுக்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தார். கதவுக்குப் போடுகிற பூட்டு அல்ல. காலையில் மிஷினைப் போட்டதும் அது தானாக எழுந்திருக்காது. ஒரு குறிப்பிட்ட பிளாப்பியை, கறுப்பாகச் சதுரமாக அப்பளக் கட்டு அகலத்துக்கு இருக்குமே அதை, வாயில் சொருக வேண்டும். மிஷின் அதைப் படித்த பிறகு ஒரு ரகசியச் சொல்லைக் கேட்கும். சொல்லை அடித்தால்தான் உள்ளே இருப்பது எழுத்தாகத் தெரியும்.

"பிளாப்பி இல்லன்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொட்டிய ஒடச்சு எடுத்தாலும் உள்ள துணி எரிஞ்ச சாம்பல் மாதிரிதாம்மா இருக்கும். அந்தச் சாவி பட்டாத்தான் சாம்பல் மறுக்கா துணியாகும்."

"அந்தச் சாவி யாருகிட்ட இருக்குது?"

"எங்கிட்டதான். என் மேஜைல வெச்சுப் பூட்டியிருக்கறேன்."

"இன்னொண்ணு?"

"இல்ல. காப்பி போடலாம்னு சொன்னேன். ரெண்டாவது காப்பி ரெண்டாவது ஆளு கைக்குப் போயிரும்னு சார் வேண்டான்னுட்டாரு."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கும் பெருமைதான். ஆனால் அன்றைக்கே என் மனசில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. கம்பெனியே பயந்து காக்கிற ஒரு பொருளை நம் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் வைத்திருக்கிறாள் என்றால், அது இல்லாமல் போகிற நாளில் யாரைக் கேட்பார்கள்?

ஆயுத பூஜைக்கு விதைக் காட்டுக்காரர்கள் எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் வேட்டி கட்டி நின்றிருந்தார். சந்தனம் அவரே அரைப்பார். அதில் பச்சைக் கற்பூரம் கலப்பார். "கடைச் சந்தனத்துல இந்த மணம் வராது, மோந்து பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டினார். தராசுக்குப் பொட்டு, ஜீப்புக்குப் பொட்டு, மருந்து அடிக்கும் டப்பாவுக்குப் பொட்டு. கம்ப்யூட்டருக்குக் கதம்பம் சாத்தி, டிவி மாதிரி இருக்கும் அதன் நெற்றியிலும் வைத்தார். பிறகு இரும்புப் பெட்டிச் சாவிக் கொத்தைத் தட்டில் வைத்துவிட்டு என் மகளைப் பார்த்தார்.

"உன் சாவி எங்கம்மா?"

"எது சார்?"

"அந்த பிளாப்பி. அதுவும் சாவிதானே? எல்லாச் சாவிக்கும் வெச்சுட்டு அத மட்டும் விட்டா அது கோவிச்சுக்காதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் மட்டும் தயங்கினாள். "சார், அது மேல ஈரம்..." என்று ஆரம்பித்தாள். பெரியவர் பூஜைத் தட்டோடு நிற்கிறார். அதற்கு மேல் என்ன பேசுவாள். எடுத்து வந்து கொடுத்தாள். அவர் நிலைவாசலுக்கு வைப்பது போல மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று பொட்டு குங்குமத்தோடு வைத்தார். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது என்பதால் பிளாப்பி தட்டிலேயே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. மிஷினைத் திறந்து வைத்தால் நல்லது என்று மகள் காலையிலேயே என்னோடு நாலு வரிசை பூ சேர்த்துவிட்டு, கை கழுவி, பஸ் பிடித்துப் போனாள். வெயில் ஏறும் நேரத்தில் பக்கத்துக் காட்டுக்காரி வரப்பில் ஓடிவந்தாள். வயதில் என்னைவிடச் சின்னவள், வாய் பெரியது. அன்றைக்கு அந்த வாய் சரியாகத் திறக்கவில்லை.

"அக்கா, ஆபீசு வரைக்கும் போயிட்டு வா. மிஷின் எந்திரிக்கலையாம். உன் மக சாவிய மாத்தி வெச்சுட்டு நெச சாவிய வெளிய வித்துட்டாளாம். போலீசுக்குச் சொல்லியாச்சாம்."

"யாரு சொன்னது?"

"ஆபீசுல இருந்து வந்த வண்டிக்காரன் சொல்றான். எஸ்.ஐ. வர்ற வரைக்கும் அவள வெளிய விட வேண்டான்னு உக்கார வெச்சிருக்காங்களாம்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணமாகாத ஒரு பெண் போலீஸ் ஜீப்பில் ஏறினாள் என்றால் அவள் எதற்கு ஏறினாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஏறினாள் என்பது மட்டும் நிற்கும். இறங்கினாள் என்பதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்த வாய் பெரியவள் முன்னால் எதையும் காட்டிக்கொள்ளக்கூடாது என்று வாய்க்காலில் முகம் கழுவி, வீட்டுக்குப் போய் நல்ல சேலை மாற்றிக்கொண்டுதான் போனேன். பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை இறங்கும்போது விரிய மறுத்தது.

கம்ப்யூட்டர் ரூமுக்குள் அன்றைக்குத்தான் முதல் முறை போனேன்; பூஜையன்றைக்கு வாசலில் நின்றுதான் பார்த்தோம். ஜன்னலுக்குத் திரை, ஃபேன், செருப்பு வெளியே. நேற்றைய கதம்பம் இன்னும் வாடவில்லை. என் மகள் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க. மகள நல்லாத்தான் படிக்க வெச்சிருக்கீங்க" என்றார்.

"ஆமாங்க. நல்லாத்தான் படிக்க வெச்சேன். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அவர் கையில் பிளாப்பியைத் தூக்கிக் காட்டினார். "இது எங்க பிளாப்பியே இல்ல. நேத்து என் கையால மூணு பொட்டு வெச்சேன். நீங்களும் பாத்தீங்க. இதுல பொட்டு எங்க? போன வாரம் பஸ் ஸ்டாண்டுல அந்த இன்னொரு கம்பெனி ஆளோட இவ நின்னு பேசினத நானே பாத்தேன்."

"கூடப் படிச்சவரு சார். நல்லா இருக்கியான்னு கேட்டாரு, அவ்வளவுதான்" என்றாள் மகள். "பொட்ட நான்தான் தொடச்சேன். பொட்டோட உள்ள விட்டா கெட்டுப்போயிரும்னு முந்தானையில தொடச்சுட்டுத்தான் போட்டேன். எத்தன வாட்டி சொல்றது?"

"தொடச்சியோ, வேற வெச்சியோ. யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். நம்புகிறவரிடம் எதைச் சொல்லி மாற்றுவது?

மகள் எனக்குக் காட்டுவதற்காக மிஷினை மறுபடி போட்டாள். பிளாப்பி உள்ளே போனதும் சிவப்பு விளக்கு எரிந்தது. கர்ர், கர்ர் என்று பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். திரையில் பச்சை எழுத்து வந்து நின்றது.

"என்ன சொல்லுது?"

"விட்டுரட்டுமா, மறுக்கா பாக்கட்டுமா, தோத்துப்போச்சுன்னு எடுத்துக்கட்டுமான்னு கேக்குதும்மா."

"நீ என்ன சொன்ன?"

"மறுக்கா பாருன்னுதான் காலையில இருந்து சொல்லிட்டு இருக்கறேன்."

நான் அவள் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெளியே ரோட்டில் எந்த வண்டி சத்தம் கேட்டாலும் அது ஜீப்பா என்று காது போனது. லாரி, பஸ், மறுபடியும் லாரி. ஒவ்வொன்றும் தாண்டிப் போனதும் மகள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று பார்த்துக்கொண்டேன்.

ஜீப்புக்கு முன்னால் இன்ஜினியர் வந்தார். பூட்டுப் போட்ட அதே ஆள்; காலையிலேயே மேனேஜர் போன் பண்ணியிருந்தாராம். சேலத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கி, பை தோளில் தொங்க நடந்து வந்திருந்தார். வந்ததும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கரண்டு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார். மூடியைக் கழற்றி உள்ளே ஒயர்களை அழுத்தினார். பிறகு தன் பையிலிருந்து வேறொரு பிளாப்பியைப் போட்டார். மிஷின் சட்டென்று எழுந்துகொண்டது.

எனக்கு உயிர் வந்தது. "வந்துருச்சுங்களா?"

"மிஷின் எந்திரிச்சிருச்சுங்க. ஆனா உள்ள ரகசியமெல்லாம் எழுதியிருக்கற டிஸ்க் ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியல. பூட்டு அப்படித்தான். சாவி பிளாப்பி படிச்சாத்தான் காட்டும்."

மேனேஜர் கேட்டார்: "புதுசா ஒரு சாவி போட்டுக் குடுங்க."

"போடலாம். போட்டா உள்ள இருக்கறது மொத்தமும் அழிஞ்சிரும்."

அவர் ஒரு குச்சியில் மெல்லிய துணி சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, பிளாப்பி சொருகும் வாய்க்குள் விட்டுத் துடைத்து எடுத்தார். துணி லேசாக மஞ்சளாக வந்தது. அதைப் பார்த்தார், எங்கள் பிளாப்பியை எடுத்து, கீழ்ப் பக்கம் நீளமாகத் திறந்திருக்கும் இடத்தை வெளிச்சத்தில் காட்டி, கண்ணைச் சுருக்கினார்.

"இதோட ஒறைய வெட்டி, உள்ள இருக்கற தகட்ட வெளிய எடுத்து, கழுவி, வேற ஒறைல போட்டா ஒரு தடவை படிக்கலாம். கீறல் விழுந்தா அதோட முடிஞ்சுது. என் பேரச் சொல்லக்கூடாது. நான் வெட்ட மாட்டேன்."

"வெட்டினா ஆதாரம் போயிரும்" என்றார் மேனேஜர். "இது வேற பிளாப்பின்னு அப்புறம் எப்படிக் காட்டறது?"

"வெட்டலன்னா மட்டும் எப்படிக் காட்டுவீங்க?" என்றார் இன்ஜினியர்.

அந்த நேரத்தில்தான் வெளியே ஜீப் வந்து நின்றது. லாரியும் பஸ்ஸும் மாதிரி அது தாண்டிப் போகவில்லை. என் மகள் என் கையைப் பிடித்தாள். குழந்தையில் பிடித்ததற்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

எஸ்.ஐ. நடுவயது ஆள். தொப்பியைக் கழற்றி ஃபேனுக்கு அடியில் நின்று, இரண்டு பக்கத்தையும் கேட்டார். என் மகள் குரல் உடையாமல் சொன்னாள்: "நானே வெட்டறேன் சார். எல்லார் முன்னாடியும்."

"நீயா? மிச்சத்தையும் அழிக்கறதுக்கா?" என்றார் மேனேஜர்.

எஸ்.ஐ. அவரைப் பார்த்தார். "வேற பிளாப்பின்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அது அழிஞ்சா உங்களுக்கு என்ன? வெட்டட்டும். நான் பாக்கறேன்."

மேஜையில் வெள்ளைக் காகிதம் விரித்தார்கள். மகள் கையைக் கழுவி, துடைத்து, பிளேடை எடுத்தாள். என்னால் பார்க்க முடியவில்லை; பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அவள் விரல் போன விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது: மொட்டைக் கீறுகிற விதம் அது. மேல் தோல் மட்டும் அறுபடும், உள்ளே தொடாது. மூன்று ஓரமும் வெட்டி, உறையை இமை மாதிரித் தூக்கினாள்.

உள்ளே மெலிசாக, வட்டமாக, கருஞ்சிவப்பாக ஒரு தகடு. அதன் மேல் பிறை மாதிரி வளைந்து காய்ந்துபோன மஞ்சள் கோடு. உறையின் உள்பக்கத்து வெள்ளைத் துணியிலும் மஞ்சள். ஒரு இடத்தில் குங்குமம் ஒரு துணுக்கு.

மணம் எழுந்து வந்தது. எஸ்.ஐ. குனிந்து மோந்து பார்த்தார்.

"சந்தனம். பச்சைக் கற்பூரம் போட்ட சந்தனம்" என்றார். "நல்ல மணம்."

மேனேஜர் ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வைத்த மூன்றாவது பொட்டு அந்தத் திறந்த இடத்தில் விழுந்திருக்கிறது. மகள் வெளியே துடைத்துவிட்டாள். உள்ளே வழிந்ததை அவள் எப்படிக் கண்டிருப்பாள். அது அவர் கையால் வைத்த பொட்டு, அவர் அரைத்த சந்தனம், அவருடைய அதே பிளாப்பி. என் மகள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஆனால் பயம் போகவில்லை. தகடு படிக்காவிட்டால்? திருடி என்ற பேர் போய், அழித்தவள் என்ற பேர் வரும். வெட்டியது அவள் கைதானே.

"பஞ்சு இருக்குது, கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றார் மேனேஜர். காலையிலிருந்து அவர் பேசியதில் அதுதான் மெல்லிய பேச்சு.

"பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கும். நெறைய வாட்டி தொவச்ச பழைய துணி வேணும்" என்றார் இன்ஜினியர்.

நான் நல்ல சேலை கட்டி வந்திருந்தேன். உள்ளே கட்டியிருந்த பாவாடை பழையது, துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆனது. பக்கத்து ரூமுக்குப் போய் ஓரத்தில் ஒரு சாண் கிழித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. ஜீப் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து, இன்ஜினியர் சொல்லச் சொல்ல, மகள் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு தூசு படாமல் அதைக் காயவிட்டார்கள். எஸ்.ஐ.யின் டிரைவர் வெளியே யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

புதுப் பிளாப்பி ஒன்றை வெட்டி, அதன் தகட்டை எடுத்துவிட்டு, அந்த உறைக்குள் எங்கள் தகட்டை நுழைத்தாள். மிஷினில் போட்டாள். சிவப்பு விளக்கு. கர்ர்.

பச்சை எழுத்து வந்து நின்றது. அந்த மூன்று சொல்லின் வடிவம் அதற்குள் எனக்குப் பழகிப்போயிருந்தது.

மகள் இன்ஜினியரைப் பார்த்தாள். அவள் ஒரு விரலால் மறுபடியும் பார் என்று அடித்தாள். கர்ர். மறுபடியும் அடித்தாள். பல்லைக் கடிக்கிற சத்தம் சட்டென்று நின்று, மெலிசாக ஒரு விசில் மாதிரி வந்தது. திரை காலியாகி, மேலே ஒரே ஒரு வரி வந்தது.

"ரகசியச் சொல்லக் கேக்குது" என்றாள்.

இன்ஜினியர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்.ஐ.யும் திரும்பினார். எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது என்றாலும் நானும் திரும்பிக்கொண்டேன். விரல்கள் தட்டுவது கேட்டது. பிறகு மகள் அழுவது கேட்டது. அது வேறு அழுகை.

இன்ஜினியர் உடனே அந்தச் சாவிக்கு ஒரு காப்பி போட்டார். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. எஸ்.ஐ. தொப்பியை எடுத்துக்கொண்டு, "பூஜைய மிஷினோட நிறுத்திக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "சரி, எல்லாம் சரியாயிருச்சு. கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு வரட்டும்."

"இப்படியே அனுப்பினா ஆகாதுங்க" என்றேன். "இவள உக்கார வெச்சது ஊருக்கே தெரியும். வெளிய போலீஸ் ஜீப் நின்னது தெரியும். பஸ்ஸுல நாங்க ரெண்டு பேரும் போயி எறங்கினா, விட்டுட்டாங்கன்னுதான் பேசுவாங்க. நீங்களே கம்பெனி ஜீப்புல கொண்டாந்து வுடணும். இவ முன் சீட்டுல உக்காரணும். வூட்டுல வேண்டாங்க, காட்டுல எறக்கி வுடுங்க. இப்பத்தான் எல்லாரும் மொட்டுக் கீற வந்திருப்பாங்க."

அவர் என்னைப் பார்த்தார். முடியாது என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவர் வண்டிச் சாவியை எடுத்தார். அதிலும் பொட்டு இருந்தது.

காட்டு வரப்பில் ஜீப் நின்றபோது சிவப்புப் பைகளுக்கு நடுவே தலைகள் நிமிர்ந்தன. மேனேஜர் இறங்கினார். "மிஷின்ல கோளாறு. பொண்ணுதான் சரி பண்ணிக் குடுத்துச்சு" என்றார், பொதுவாக எல்லாரையும் பார்த்து. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரிக்குத்தான் வாய் திரும்பி வந்துவிட்டது.

"என்னக்கா, காலைல பஸ்ஸுல போன, பொழுதோட ஜீப்புல வர்ற. நாளைக்கு ரயில் இங்கயே வந்து நிக்குமா?"

"நின்னா உன்னையும் ஏத்திக்கறேன், வா" என்றேன்.

சிரித்தார்கள். நான் வரிசைக்குள் போய் ஒரு மொட்டைப் பிடித்தேன். நகம் ஆழமாக இறங்கிவிட்டது. அடுத்ததும் அப்படியே. என் கையில் மொட்டு செத்தது அன்றைக்குத்தான். மகள் என் கையிலிருந்த காகிதப் பைகளை வாங்கிக்கொண்டு, ஆபீஸ் சேலையோடு என் வரிசையில் இறங்கினாள்.

அடுத்த வருஷமும் பூஜைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். மேனேஜர் தட்டோடு வந்து என் மகளின் மேஜை முன்னால் நின்றார். கேட்கவில்லை, நின்றார். அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு பிளாப்பியை எடுத்து நீட்டினாள். மூன்று ஓரமும் வெட்டுப்பட்ட பழைய உறை, உள்ளே ஒன்றுமில்லை. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று வைத்தார்.

நான் பொரியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். வெளியே ஒரு ஜீப் வந்து நின்றது. அது கம்பெனி ஜீப்தான் என்று தெரிகிற வரைக்கும் என்னால் வாசலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.